வியன்னாவுக்கு முதல் வாரம்

கோடையில் எல்கேயின் குடும்பம் கிராட்ஸை விட்டு வியன்னாவுக்குக் குடி போனதும், அவர்களுடைய அலமாரி மாடிப்படி வளைவில் மாட்டிக்கொண்டு அக்கம்பக்கத்தாரை எல்லாம் இரண்டு நாள் குனிந்து போக வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அலமாரி உள்ளே போய்விட்டது. எல்கேதான் இன்னும் வாசலிலேயே நிற்கிறாள். உடம்பு வியன்னாவில், மனசு கிராட்ஸில்.

கிராட்ஸில் அவளுக்கு ஓர் அக்கா இருக்கிறாள். பெயர் டாக்மர். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைச் சரிசெய்து கொடுத்தவள். மீதிப் பேருக்குப் புத்தியைச் சரிசெய்யவும் தயாராக இருப்பவள். அவள் கணவர் ரைமுண்ட், பூகோள வாத்தியார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆகையால் எல்கேயின் பெண்கள் ரோசலிக்கும் ஹெர்மினாவுக்கும் பெற்றோர் இரண்டு ஜோடி.

இரண்டு சகோதரிகளுக்கும் நடுவில் ஒருவன் உண்டு. கெர்னோட், லின்ஸ் நகரத்தில் இருக்கிறான். அப்பா காலமான பிறகு, யாரையும் கேட்காமல் ஒரே சனி ஞாயிறில் அவர் வீட்டைக் காலி பண்ணி, கட்டில் முதல் காப்பிக் கோப்பை வரை தர்மத்துக்குக் கொடுத்துவிட்டான். திங்கட்கிழமை டாக்மர் அட்டைப்பெட்டிகளோடு போனபோது சுவரில் ஆணிகள்தான் இருந்தன. அந்த அத்தியாயத்தை நாம் அழுது முடித்துவிட்டோம். டாக்மர் இன்னும் முடிக்கவில்லை. இரண்டு குளிர்காலமாகத் தம்பி பெயரை அவள் வாயால் சொன்னதில்லை.

அப்பா போனார், தம்பி போனான், போதாக்குறைக்குத் தங்கையும் வியன்னாவுக்குப் போய்விட்டாள். அந்தக் குடும்பத்துக்கு இப்போது மிச்சம் இருப்பது பிப்ரவரியில் ஒரு வாரம் மட்டும்தான்.

அந்த வாரம் கால்டென்ரீடில். அதைப் பெரிய பனிச்சறுக்கு ஊர்களுக்குப் போகிறவர்கள் சின்ன ஊர் என்பார்கள். சரிவில் ஆளை மேலே ஏற்றிவிடும் ஒரே ஒரு லிஃப்டை வைத்துக்கொண்டு பிழைக்கும் பக்கத்துக் கிராமத்தார் பெரிய ஊர் என்று பொறாமைப்படுவார்கள். அங்கே லாக்னரம்மாவின் விடுதி. ஒவ்வொரு வருஷமும் புறப்படுகிற சனிக்கிழமை காலையில், பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது லாக்னரம்மா வாசலுக்கு வந்து, “எப்பவும் போலத்தானே?” என்பார். இவர்கள், “எப்பவும் போல” என்பார்கள். அதுதான் அடுத்த வருஷத்துக்கான முன்பதிவு. வேறு பேச்சே கிடையாது. அப்பா காலத்திலிருந்து அப்படித்தான்.

இப்போது நவம்பர். மார்ட்டின் திருநாளை ஒட்டி வாத்து வறுக்கிற சனிக்கிழமை. விருந்து டாக்மர் வீட்டில். எல்கேயும் கணவன் கிளெமென்ஸும் இரண்டு பெண்களும் காலை ரயிலில் கிராட்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்கே ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள்.

எதிர் சீட்டில் ஒரு மாது. மடியில் கேக் டப்பா. சின்னவள் ஹெர்மினாவிடம், பனிச்சறுக்குக்கு எங்கே போகப் போகிறாய் என்று அவர் கேட்டார். ஹெர்மினா கால்டென்ரீட், லாக்னரம்மா வீட்டுப் பூனை, பெரியப்பா என்று வரிசையாகச் சொல்லி, பிப்ரவரி மூணாவது வாரம் என்று முடித்தாள்.

“மூணாவதா? நீங்க கிராட்ஸா?”

“கிராட்ஸா இருந்தோம். இப்ப வியன்னா” என்றாள் ஹெர்மினா.

“அப்போ முதல் வாரம்ல கண்ணு லீவு. என் மருமக வியன்னாவுல டீச்சர். எனக்கு நல்லாத் தெரியும்.”

எல்கேயின் பாட்டு நின்றது.

எல்லோரும் ஒரே நாளில் மலையேறினால் மலை தாங்காது என்று எங்கள் நாட்டில் குளிர்கால விடுமுறையை மாநிலத்துக்கு ஒரு வாரமாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். வியன்னாவுக்கு முதல் வாரம். கிராட்ஸ் இருக்கிற ஸ்டீரியாவுக்கு மூன்றாவது வாரம். இது பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எல்கேக்கும் தெரியும். தெரிந்தும் வீடு மாற்றினாள், பள்ளிக்கூடம் மாற்றினாள், டாக்டரை மாற்றினாள், அந்த வாரத்தை மட்டும் மாற்றவில்லை.

“நம்ம வீட்ல நாலு காலண்டர் மாட்டியிருக்கு” என்றான் கிளெமென்ஸ். “ஒருத்தரும் பிப்ரவரியைத் திருப்பிப் பாக்கல.”

“நீங்க பாத்திருக்கலாமே?”

“உங்க குடும்ப விஷயத்துல நான் என்னைக்கு வாய் திறந்திருக்கேன்?”

அது உண்மைதான். பிள்ளைகளை ஒரு வாரம் பள்ளிக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. ஒரு நாள் விடுப்புக்கே தலைமையாசிரியை ஏன் எதற்கு என்று குடைந்தெடுப்பவர். முதல் வாரத்தில் லாக்னரம்மா விடுதியில் வருஷா வருஷம் வருகிற வியன்னாக்காரர்கள் இருப்பார்கள். அவர்களும் “எப்பவும் போல” சொல்லிவிட்டுப் போனவர்கள்தானே. ஆக, இந்த வருஷம் அக்காவும் தங்கையும் ஒன்றாகப் பனியைப் பார்க்கப் போவதில்லை. ஒரு வருஷம் விட்டால் விட்டதுதான். கெர்னோட் விஷயத்தில் அப்படித்தான் ஆயிற்று. முதல் வருஷம் அவனுக்கு வேலை இருந்தது, அடுத்த வருஷம் அவனை யாரும் கூப்பிடவில்லை.

விருந்தில் உட்கார்ந்து இதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? நல்ல அக்கா. பாசக்காரி. ஆனால் மறந்துவிட்டேன் என்ற வார்த்தையை அவளால் மன்னிக்க முடியாது.

ரயில் மலையேறத் தொடங்கியபோது எல்கே இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு லாக்னரம்மாவுக்குப் போன் போட்டாள்.

“முதல் வாரமா?” என்றார் லாக்னரம்மா. “புகைக்கூண்டு வரைக்கும் ஆள் நிறைஞ்சிருக்கும்மா.”

“எங்கயாவது ஒரு மூலை? பேஸ்மென்ட்ல கூடப் படுத்துப்போம்.”

“பேஸ்மென்ட்ல என் வீட்டுக்காரர் ஊறுகாய் ஜாடி அடுக்கியிருக்கார். அது சரி, உனக்கு எதுக்கு இப்ப இடம்? உங்கக்காதான் செப்டம்பர்லயே…”

ரயில் குகைக்குள் நுழைந்தது. போன் செத்தது. வெளியே வந்ததும் எல்கே மறுபடி போட்டாள். மணி அடித்தது, அடுத்த குகை வந்தது. செம்மரிங் மலையில் குகைகளைக் குடைந்தவர்கள் குடும்பப் பெண்களின் அவசரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாவது தடவைதான் விஷயம் முழுசாக வந்தது.

டாக்மர் செப்டம்பரிலேயே கூப்பிட்டிருக்கிறாள். வியன்னா வாரத்துக்கு இடம் வேண்டும் என்று விடாமல் நச்சரித்து, லாக்னரம்மாவின் மகன் படித்த மாடி அறையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். கூரைக்கு அடியில் பெரிய அறை. ஐந்து கட்டில்.

“அஞ்சா? நாங்க நாலு, அவங்க ரெண்டு. ஆறாச்சே?”

“உங்க நாலு பேரும் அக்காவும். வாத்தியார் ஐயா வரலையாம். அவங்க ஊர்ல அப்ப பள்ளிக்கூடம் நடக்குமே. ஏம்மா, உனக்குத் தெரியாதா? நான்தான் உளறிட்டேனா?”

லாக்னரம்மா வயிற்றில் ஒரு ரகசியம் தங்கினால் அவருக்கு அஜீரணமாகிவிடும். எல்கே நன்றி சொல்லிவிட்டு ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றாள். மகிழ்ச்சியாக இருந்தது; அழுகையும் வந்தது. அக்காவுக்கு வருஷத்தில் ஒரு வாரம்தான் கடையை மூட முடியும். அந்த ஒரு வாரத்தை அவள் தங்கைக்கு எழுதி வைத்துவிட்டாள். புருஷனை வீட்டில் விட்டுவிட்டு வரப் போகிறாள்.

அந்தப் புருஷனோ, இவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் பனிச்சறுக்குக் கட்டைகளோடு நின்றார். போன வாரம் பள்ளிக்கூடத்தில் நடந்த பழைய சாமான் சந்தையில் ஹெர்மினாவுக்காக ஒரு ஜோடி பிடித்து வந்திருக்கிறார். அவளை நிமிர்ந்து நிற்கச் சொல்லி அளந்து பார்த்தார். முகவாய்க்கட்டை வரை சரியாக வந்தது.

“மூணாவது வாரம்னா பனி நல்லா இறுகிடும். இந்த வருஷம் மேல் சரிவுல இருந்து இறங்குறோம். என்ன, ஹெர்மினா?” என்றார். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டு ஹெர்மினா குதித்தாள்.

எல்கேக்குத் திருடனுக்குத் தேள் கொட்டியது போல ஆயிற்று. நேரே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுப்புக்குள் வாத்து பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. டாக்மர் சிவப்புக் கோஸைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

“அஞ்சு கட்டிலாமே” என்றாள் எல்கே.

டாக்மர் கிளறுவதை நிறுத்தவில்லை. “லாக்னர் சொல்லிட்டாளா?”

“அத்தான்கிட்ட சொல்லிட்டியாக்கா?”

“தினமும் சொல்லணும்னுதான் எந்திரிக்கிறேன். அவரு அந்தக் கட்டைக்கு மெழுகு தேய்ச்சுட்டு உக்காந்திருக்காரு. எப்படிச் சொல்றது?”

“எங்கிட்டயாவது செப்டம்பர்லயே சொல்லியிருக்கலாம்ல?”

இப்போதுதான் அக்கா திரும்பினாள். கரண்டியும் கூடவே திரும்பியது. “நீயா பாத்துட்டு எனக்குப் போன் பண்ணுவேன்னு இருந்தேன்டி. அக்டோபர் போச்சு, நவம்பர் வந்துடுச்சு. வியன்னா மகாராணிக்கு எங்க நேரம்? நானே தேடித் தேடி ரூம் பிடிக்கணும், நீ அதைக் கூடக் கவனிக்க மாட்டே.”

“நான் வியன்னாக்காரின்னு எனக்குத் தோணவே இல்லக்கா” என்றாள் எல்கே. “லீவுன்னா நம்ம ஊரு லீவுதான் மனசுல வருது. அங்க போய் இத்தனை மாசமாச்சு, இன்னும் யாராவது எந்த ஊருன்னு கேட்டா கிராட்ஸுன்னுதான் வாய்ல வருது.”

டாக்மர் கரண்டியைக் கீழே வைத்தாள். ஈரக்கையோடு தங்கையின் கன்னத்தைத் தட்டினாள். எல்கேயின் கன்னத்தில் சிவப்புக் கோஸ் சாறு ஒட்டியது. மன்னிப்பு என்றால் அந்த வீட்டில் அவ்வளவுதான் கிடைக்கும், அது போதும்.

சாப்பாட்டு மேசையில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. வாத்தின் தோல் மொறுமொறுவென்று வந்திருந்தது. உருளைக்கிழங்கு உருண்டைகள் கைபட்டால் குழையும் பதம். சாலட்டின் மேல் பூசணி விதை எண்ணெய் பச்சையாகப் பளபளத்தது. புது ஒயினைக் கிளெமென்ஸ் இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டான். ரைமுண்ட்தான் விடுவதாக இல்லை. மூன்றாவது வாரத்தில் எந்த லிஃப்டில் கூட்டம் இருக்காது, எந்தக் குடிசைக் கடையில் நல்ல சூப் கிடைக்கும், நானும் டாக்மரும் எந்த அறையில் படுப்போம் என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒவ்வொன்றுக்கும், “என்ன டாக்மர்?” என்று கேட்டார். டாக்மர் ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு உருண்டையை வாயில் போட்டுக்கொண்டாள். அவளுக்கு உருண்டை பிடிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் எத்தனை நேரம் மறைப்பது? கடைசியில் அவள் முள்கரண்டியை வைத்தாள்.

“ரைமுண்ட், நான் முதல் வாரம் போறேன். இவங்களுக்கு அப்பதான் லீவு. உங்களுக்குப் பள்ளிக்கூடம். என்னால ரெண்டு வாரம் கடையை மூட முடியாது. நான் இவளைத் தேர்ந்தெடுத்துட்டேன். உங்ககிட்ட கேக்காம.”

ரோசலி தலையைக் குனிந்துகொண்டாள். கிளெமென்ஸ் ஒயின் கோப்பைக்குள் எதையோ தேடினான்.

ரைமுண்ட் வாயில் இருந்ததை நிதானமாக மென்று முழுங்கினார். துண்டால் வாயைத் துடைத்தார்.

“வியன்னாவுக்கு முதல் வாரம்னு எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷமா வாத்தியாரா இருக்கேன். லீவு எப்பன்னு தெரியாத வாத்தியார் உலகத்துல உண்டா?”

“தெரிஞ்சுதான் மூணாவது வாரம், மூணாவது வாரம்னு உயிரை வாங்குனீங்களா?”

“அக்டோபர்லயே லாக்னரம்மாவுக்குப் போன் பண்ணினேன். எல்லாம் சொல்லிட்டாங்க. நீ எப்ப சொல்லுவேன்னு பாத்தேன். கொஞ்சம் வலிச்சுது, டாக்மர். நீ போறது இல்ல, சொல்லாம இருந்தது.”

அடக் கல்லுளிமங்கா என்று எல்கே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். அக்காவும் அத்தானும் ஒரே அச்சுதான். ஒருத்தி, தங்கை எப்போது கவனிப்பாள் என்று இரண்டு மாசம் காத்திருந்தாள். இவர், மனைவி எப்போது சொல்வாள் என்று காத்திருந்தார். இப்படிக் காத்திருந்து காத்திருந்தே ஒரு குடும்பம் பிரிந்துவிடும்.

டாக்மர் மேசைக்கு மேலே கையை நீட்டினாள். ரைமுண்ட் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த முதல் வாரத்து வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மலைக்கு வந்துவிடுவதாகவும், அன்று ராத்திரி தங்கிச் சனிக்கிழமை மதியம் வரை பெண்களோடு சரிவில் இறங்குவதாகவும் சொன்னார். ஆறாவது கட்டிலுக்கு லாக்னரம்மாவைச் சம்மதிக்க வைப்பது தன் பொறுப்பாம். ஹெர்மினா நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவர் மடியில் ஏறிக்கொண்டாள். இங்கேயே முடிந்திருந்தால் நிம்மதியாக இனிப்புக்குப் போயிருக்கலாம்.

“அப்ப மூணாவது வாரத்து ரூம்? அதை விட்டுடச் சொல்லிடட்டுமா?” என்று எல்கே கேட்டாள்.

“வேண்டாம். அதுக்கு நான் போறேன். தனியா இல்ல.”

“யாரோட?” என்றாள் டாக்மர்.

“லின்ஸ் பிள்ளைங்களுக்கும் நம்ம வாரம்தான் லீவு.”

லின்ஸ் என்ற ஊரில் லட்சக்கணக்கான பேர் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அங்கே தெரிந்தவன் ஒருத்தன்தான். டாக்மர் கையை உருவிக்கொண்டாள்.

ரைமுண்டே தொடர்ந்தார். எல்கே போன பிறகு வீடு வெறிச்சென்று ஆகிவிட்டதாம். டாக்மர் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு, பேச ஆளில்லாமல் டிவியைப் பார்த்துக் கோபப்படுகிறாளாம். ஒருநாள் பொறுக்க முடியாமல் இவராகவே கெர்னோட்டுக்குப் போன் போட்டிருக்கிறார். உன் பையன்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கால்டென்ரீடுக்கு வா என்று கூப்பிட்டிருக்கிறார். தன் பங்கைச் சொல்லிவிட்டு மனுஷர் பயந்துதான் உட்கார்ந்திருந்தார். ஹெர்மினாவின் பின்னலைப் பிரித்துப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

“வரேன்னானா அண்ணன்?” என்றாள் எல்கே.

“வரேன்னான். ஆனா அக்காவுக்குத் தெரியாம வரமாட்டேன்னுட்டான். அவ சரின்னு சொன்னாத்தான் வருவானாம். ஒருதடவை அக்காவைக் கேக்காம செஞ்சது போதும்னான்.”

எல்கே அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயந்து வாத்தின் எலும்பைப் பார்த்தாள். ஒரு வார்த்தை வேண்டாம் என்று டாக்மர் சொன்னால் அதோடு சரி. சொல்லக்கூடியவள்தான். சொல்வதற்கு நியாயமும் இருக்கிறது. அந்த வெறும் வீட்டில் அட்டைப்பெட்டிகளோடு நின்றவள் அவள்தானே.

டாக்மர் எழுந்தாள். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். பாதி சாப்பிட்டிருந்த கிளெமென்ஸின் தட்டும் போயிற்று. அடுக்கிய தட்டுகளைத் தூக்காமல் அப்படியே நின்றாள்.

“மாடி ரூம் மட்டும் அவனுக்குக் குடுக்க வேண்டாம்னு லாக்னர்கிட்ட சொல்லுங்க” என்றாள். “தூக்கத்துல எந்திரிச்சு நடப்பான். அந்தப் படி செங்குத்து.”

“அதை நீயே அவன்கிட்ட சொல்லேன்” என்றார் ரைமுண்ட் மெதுவாக.

டாக்மர் ஏப்ரனில் கையைத் துடைத்தாள். ஒருமுறை துடைத்தது போதாமல் மறுபடியும் துடைத்தாள். அலமாரி மேல் இருந்த போனை எடுத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்கேயிடம் நீட்டினாள்.

“அவன் நம்பரை அழிச்சுட்டேன். நீயே போட்டுக் குடு.”

எல்கேக்கு அது மனப்பாடம். அவசரத்தில் ஒரு எண் தப்பிப் போய் மறுபடி போட வேண்டியிருந்தது. மணி அடிக்கத் தொடங்கியதும் டாக்மர் போனை வாங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே குளிர். சால்வை கூட எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் அவள் முதுகையே பார்த்தார்கள். இப்போது கத்துவாள், இப்போது கத்துவாள் என்று கிளெமென்ஸ் கூட எதிர்பார்த்தான்.

அவள் கத்தவில்லை. முதலில் என்னவோ இரண்டு வார்த்தை சொன்னாள். பிறகு பேசவே இல்லை. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, லின்ஸிலிருந்து அவன் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். டாக்மர் இவ்வளவு நேரம் வாய் திறக்காமல் ஒருத்தர் பேச்சைக் கேட்டு எல்கே பார்த்ததே இல்லை.